கணக்கு கேளுங்கள்: டிஏபி வராத மாதமும் எம்ஐடி வகுப்பும்

போன இதழில், இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல்கலைக்கழக வகுப்புகளைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதப் பக்கத்தை நிரப்பிவிட்டன. பெரும்பாலும் லீனியர் அல்ஜீப்ரா, அதாவது நேரியல் இயற்கணிதம் பற்றிய கேள்விகள்தான். அதனால் வட்டிக் கணக்கு, நிலப் பத்திரக் கணக்கு கேட்டிருந்தவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: தமிழ் வழியில் படித்து பி.எஸ்சி. கணிதம் முடித்திருக்கிறேன். இப்போது அப்பாவின் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டே எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிறேன். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங்கின் லீனியர் அல்ஜீப்ரா வகுப்பைப் போனில் பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிற மாதிரி இருக்கிறது, நோட்டை எடுத்தால் ஒரு கணக்கும் வரவில்லை. ஆறாவது வகுப்பில் காலம் ஸ்பேஸ், நல் ஸ்பேஸ் என்று ஆரம்பித்ததும் மொத்தமாக விட்டுப்போயிற்று. எனக்கு ஆங்கிலம் போதவில்லையா, மூளை போதவில்லையா? — ஒரு வாசகி, மன்னார்குடி அருகே

பதில்: இரண்டுமே போதும் அம்மா. நீங்கள் மாட்டிக்கொண்ட இடம் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம், ஏனென்றால் முப்பது வருடம் இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் அணிகள் நடத்திவிட்டு, ஓய்வுபெற்ற பிறகு அதே வகுப்பை முதல் தடவை பார்த்தபோது நானும் திகைத்து உட்கார்ந்திருந்தேன். நாம் படித்த வரிசை வேறு, அவர் நடத்துகிற வரிசை வேறு. பன்னிரண்டாம் வகுப்பில் நமக்கு முதல் பாடமே அணிகளும் அணிக்கோவைகளும். நேர்மாறு, தரம், கிராமரின் விதி, காஸ் நீக்கல் முறை என்று ஒவ்வொன்றாக, தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்குச் செய்து முடிக்கிற வேலையாகப் படித்தோம். ஸ்ட்ராங்கின் 34 வகுப்புகளில் அணிக்கோவை 18-வது வகுப்பில்தான் தலை காட்டுகிறது, கிராமர் விதி 20-வதில். அதற்கு முன்னால் பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது! இது வெறும் ரசனை வித்தியாசம் இல்லை. பத்துக்குப் பத்து அணி ஒன்றின் அணிக்கோவையை விரித்து எழுதினால் 36,28,800 உறுப்புகள் வரும். அதே அளவுள்ள அணியை நீக்கல் முறையில் குறைக்க ஏறக்குறைய முந்நூற்றுச் சொச்சம் பெருக்கல் போதும். கம்ப்யூட்டர் எந்த வழியில் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆகவே, 'நமக்குத் தெரிந்த அணிக்கோவை எப்போது வரும்' என்று காத்துக்கொண்டே பார்க்கிறவருக்கு, அவர் சொல்வது ஒவ்வொன்றும் காதில் விழும், கையில் ஒட்டாது.

இரண்டாவது காரணம், அவர் முதல் வகுப்பிலேயே கேட்கிற ஒரு கேள்வி. 2x − y = 0, −x + 2y = 3 என்று சின்னதாக இரண்டு சமன்பாடு எழுதுகிறார். இதை நாம் பள்ளியிலிருந்தே நிரை நிரையாகத்தான் பார்த்திருக்கிறோம்: ஒவ்வொரு நிரையும் ஒரு கோடு, இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் விடை, x = 1, y = 2, முடிந்தது. அவர் அதையே நிரல் நிரலாகப் பார்க்கச் சொல்கிறார். (2, −1) ஒரு வெக்டர், (−1, 2) இன்னொரு வெக்டர், முதலாவதில் எத்தனை பங்கு, இரண்டாவதில் எத்தனை பங்கு கூட்டினால் (0, 3) கிடைக்கும்? அவர் வாயில் 'காலம்' என்று வருவது நேரத்தைக் குறிக்கிற காலம் இல்லை, நம் பாடநூலின் நிரல். இந்த ஒரு சொல் பிடிபடாமல் நாலாவது வகுப்போடு நின்றுபோனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நோட்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு பத்தி போட்டு, அவர் சொல்கிற சொல்லை இடது பக்கமும் நம் பாடநூல் சொல்லை வலது பக்கமும் எழுதிக்கொண்டே போங்கள்: ரோ என்றால் நிரை, ரேங்க் என்றால் தரம், இன்வர்ஸ் என்றால் நேர்மாறு, டிரான்ஸ்போஸ் என்றால் நிரை நிரல் மாற்று. இருபது முப்பது சொல் சேர்ந்ததும் ஆங்கில பயம் போய்விடும், ஏனென்றால் அந்த மனிதர் பேசுவது எளிய ஆங்கிலம், அதுவும் கரும்பலகையில் எழுதிக்கொண்டே, யோசித்து நிறுத்தி நிறுத்தி.

இனி உங்கள் கடைக்கு வருகிறேன். உரக்கடையில் உட்கார்ந்திருக்கிற உங்களுக்கு காலம் ஸ்பேஸ் புரியவில்லை என்றால் நான் நம்ப மாட்டேன், தினமும் அதைத்தான் விற்கிறீர்கள்.

ஒரு மூட்டை யூரியாவின் மேல் 46 சதவீதம் தழைச்சத்து என்று போட்டிருக்கும், மணிச்சத்து கிடையாது. டிஏபியில் தழைச்சத்து 18, மணிச்சத்து 46. வரைபடத்தாளை எடுத்து, குறுக்கே தழைச்சத்து, நெடுக்கே மணிச்சத்து என்று வைத்தால், நூறு கிலோ யூரியா என்பது (46, 0), தரையோடு தரையாகப் படுத்திருக்கிற ஓர் அம்பு. நூறு கிலோ டிஏபி (18, 46), செங்குத்தாக நிமிர்ந்து போகிற அம்பு. ஒருவர் வந்து ஏக்கருக்கு 60 கிலோ தழைச்சத்தும் 20 கிலோ மணிச்சத்தும் வேண்டும் என்கிறார் (கணக்குக்காக இந்த எண், உங்கள் ஊர் மண் பரிசோதனை அட்டையில் உள்ளதை வைத்துச் செய்தால் இன்னும் நல்லது). அவர் கேட்டது (60, 20) என்ற புள்ளி. இந்த இரண்டு அம்பில் எதை எவ்வளவு நீட்டி, எதோடு சேர்த்தால் அந்தப் புள்ளிக்குப் போய்ச் சேரலாம் என்பதுதான் கேள்வி, அதுதான் நிரல் பார்வை. இப்படி அம்புகளை நீட்டிச் சேர்த்துப் போய்ச் சேரக்கூடிய எல்லாப் புள்ளிகளும் சேர்ந்ததுதான் காலம் ஸ்பேஸ். மணிச்சத்து டிஏபியிலிருந்து மட்டும் வருவதால் முதலில் அதை முடித்துவிடலாம்: 20-ஐ 0.46-ஆல் வகுத்தால் 43.5 கிலோ டிஏபி. அதிலேயே 7.8 கிலோ தழைச்சத்து வந்துவிடுகிறது. மீதி 52.2 கிலோவுக்கு யூரியா 113.4 கிலோ. கீழ்ச் சமன்பாட்டை முதலில் தீர்த்து அதை மேலே கொண்டுபோய்ப் போட்டீர்கள் பாருங்கள், இரண்டாவது வகுப்பில் அவர் எலிமினேஷன் முடித்துவிட்டுச் செய்கிற பின்னோக்கிப் பிரதியிடல் இதேதான். உங்கள் அப்பா இதை மனக்கணக்காகவே போடுவார் என்று நினைக்கிறேன்.

சரி, இப்போது குறுவை நடவு நேரம், கடையில் டிஏபி இல்லை. டெல்டாவில் இது நடக்காத வருடம் உண்டா? யூரியாவும் 20:20:0:13 காம்ப்ளக்ஸ் மூட்டையும் மட்டும் இருக்கிறது. காம்ப்ளக்ஸில் தழைச்சத்து 20, மணிச்சத்து 20 (கடைசியில் உள்ள 13 கந்தகம், அதை இப்போதைக்கு விட்டுவிடுவோம்). டிஏபியையும் சேர்த்தால் இப்போது தாளில் மூன்று அம்பு இருக்கிறது, திசையோ இரண்டுதான். மூன்றாவது அம்பு முதல் இரண்டிலிருந்தே செய்யக்கூடியது: 26.5 கிலோ யூரியாவும் 43.5 கிலோ டிஏபியும் சேர்த்தால் தழைச்சத்து 20, மணிச்சத்து 20, அதாவது நூறு கிலோ காம்ப்ளக்ஸில் உள்ளதே. அப்படியானால் 26.5 யூரியா, 43.5 டிஏபி, கழித்தல் 100 காம்ப்ளக்ஸ் என்று ஒரு 'மாற்று' எழுதிக்கொள்ளலாம். இந்த மாற்றைச் செய்தால் வயலுக்குப் போகிற இரண்டு சத்திலும் ஒரு கிராம் கூட மாறாது. (26.5, 43.5, −100) என்ற அந்த மாற்றும் அதன் எல்லா மடங்குகளும் சேர்ந்ததுதான் நல் ஸ்பேஸ். உங்களை ஆறாவது வகுப்பில் நிறுத்திய அதே நல் ஸ்பேஸ்.

முதல் விடையை எடுங்கள்: யூரியா 113.4, டிஏபி 43.5, காம்ப்ளக்ஸ் 0. அதிலிருந்து இந்த மாற்றைக் கழியுங்கள். யூரியா 86.9, டிஏபி 0, காம்ப்ளக்ஸ் 100. சரிபார்க்கவும்: நூறு கிலோ காம்ப்ளக்ஸ் 20 கிலோ தழைச்சத்து தருகிறது, 86.9 கிலோ யூரியா மீதி 40-ஐத் தருகிறது, மணிச்சத்து 20 சரியாக இருக்கிறது. டிஏபி இல்லாமலே விவசாயி கேட்டது கிடைத்துவிட்டது. எட்டாவது வகுப்பில் 'ஒரு தனி விடை, அதோடு நல் ஸ்பேஸில் உள்ள எல்லாம்' என்று அவர் எழுதும்போது, டிஏபி தீர்ந்துபோன நாளில் வாடிக்கையாளரிடம் நீங்கள் சொன்ன பதிலை நினைத்துக்கொள்ளுங்கள். பாதி மாற்று செய்தாலும் சரிதான், கால்பங்கு செய்தாலும் சரிதான், அதனால்தான் விடைகள் எண்ணற்றவை.

இன்னும் ஒன்றைச் செய்து பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்தது இது. யூரியாவும் தீர்ந்துவிட்டது, டிஏபியும் காம்ப்ளக்ஸும் மட்டும் இருக்கிறது, கேட்டது அதே (60, 20). சமன்பாட்டை எழுதித் தீர்த்தால் விடை வரத்தான் செய்யும்: காம்ப்ளக்ஸ் 428.6 கிலோ, டிஏபி கழித்தல் 142.9 கிலோ. தாளில் பார்த்தாலே காரணம் தெரியும். காம்ப்ளக்ஸ் அம்பு 45 டிகிரியில் நிற்கிறது, டிஏபி அதைவிடச் செங்குத்து, வாடிக்கையாளர் கேட்ட புள்ளி இரண்டுக்கும் கீழே, தரையை ஒட்டி இருக்கிறது. முன்னோக்கி மட்டும் நடந்து அங்கே போக வழியில்லை. கணக்குக்கு விடை இருப்பதும் வயலுக்கு விடை இருப்பதும் தனித்தனி என்பதை நான் வகுப்பில் ஒருநாளும் சொல்லிக்கொடுத்ததில்லை, அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

பார்க்கிற முறையையும் மாற்றுங்கள். ஒரு வகுப்பு ஏறக்குறைய நாற்பதிலிருந்து ஐம்பது நிமிடம். அதை ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். அவர் பலகையில் ஒரு அணியை எழுதி முடித்ததும் நிறுத்துங்கள், அடுத்து வருவதை நீங்களே நோட்டில் செய்யுங்கள், தப்பானாலும் பரவாயில்லை, பிறகு ஓட விடுங்கள். ஒரு வகுப்பு முடிய இரண்டரை மணி நேரம் ஆகும், ஆகட்டும். வாரத்துக்கு இரண்டு வகுப்பு என்றால் நாலு மாதத்தில் முடிந்துவிடும், குறுவை நட்டு அறுத்து முடிக்கிற காலம். எம்ஐடி தளத்திலேயே வீட்டுக்கணக்குகளும் பழைய தேர்வுத் தாள்களும் விடையோடு இருக்கின்றன, பதிவு செய்யக்கூட வேண்டாம். விடையைத் திறப்பதற்கு முன் ஒரு இரவாவது அந்தக் கணக்கோடு இருங்கள்.

கேள்வி: ஒரு வருடமாக ஐந்து கோர்ஸ் சேமித்து வைத்திருக்கிறேன் சார். எம்ஐடி, என்பிடெல், கான் அகாடமி, படம் போட்டு விளக்குகிற யூடியூப் வரிசை ஒன்று, இன்னொரு அமெரிக்கப் பல்கலைக்கழகம். எதில் ஆரம்பிக்கலாம்? எங்கள் ஊரில் சிக்னல் சுமார்தான். — பொறியியல் மாணவர், வேதாரண்யம்

பதில்: ஏதாவது ஒன்றில். ஆனால் நாலை இன்றைக்கே அழித்துவிடுங்கள் தம்பி. படம் போட்டு விளக்குகிறது என்று நீங்கள் சொல்வது கிராண்ட் சாண்டர்சன் 2016-ல் செய்த வரிசை என்றால், அதை மட்டும் வைத்துக்கொள்ளலாம், மிக நேர்த்தியானது. ஒரு கருத்தை நோட்டில் போட்டு முடித்த பிறகு, அதே கருத்தின் அசைவைக் கண்ணால் பார்க்க அது உதவும், முன்னால் பார்த்தால் புரிந்த மாதிரி ஒரு மயக்கம்தான் வரும். பொறியியல் தேர்வுக்கு என்றால் என்பிடெல் நம் பாடத்திட்டத்துக்கு நெருக்கம். ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003-ல் தொடங்கியது அது, சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு.

சிக்னல் பற்றி: ஸ்ட்ராங்கின் அந்த வகுப்புகள் 1999-ல் படம் பிடித்தவை. பெரிய எழுத்தில் சாக்பீஸ், அதனால் மிகக் குறைந்த தரத்தில் இறக்கினாலும் ஒரு எழுத்துகூட மங்காது. கல்லூரி வைஃபையில் பத்து வகுப்பை இறக்கிவைத்துக்கொண்டு ஊருக்குப் போனால் புயல் மழையில் டவர் விழுந்தாலும் படிக்கலாம். கஜா வந்த 2018 நவம்பருக்குப் பிறகு உங்கள் பக்கம் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: என் மகன் பிளஸ் டூ. ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஏதோ வெளிநாட்டுப் பேராசிரியர் வகுப்பைப் பார்க்கிறான், வேதியியலைத் தொடுவதே இல்லை. கேட்டால், "ராமானுஜனும் நம்ம ஊர்க்காரர்தானே, அவரும் தானாகத்தானே படித்தார்" என்கிறான். இந்த வகுப்புகளுக்குச் சான்றிதழாவது கிடைக்குமா? — ஒரு தந்தை, கும்பகோணம்

பதில்: பையனிடம் ராமானுஜன் கதையின் மறுபாதியையும் சொல்லுங்கள். அதே கும்பகோணம் கல்லூரியில் கணக்கைத் தவிர மற்ற பாடங்களை விட்டுவிட்டதால்தான் அவருக்கு உதவித்தொகை போயிற்று, அதன் பிறகு அவர் பட்ட பாடு சாதாரணமானது இல்லை. இன்னொன்று, அவர் கையில் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பில் ஆயிரக்கணக்கான முடிவுகள் இருந்தன, நிரூபணம் பெரும்பாலும் இல்லை. ஒவ்வொன்றையும் அவரே சிலேட்டில் போட்டுப் போட்டு வருவித்தார். பையன் எவ்வளவு நேரம் பார்க்கிறான் என்று எண்ணாதீர்கள், நோட்டில் எத்தனை பக்கம் தீர்ந்திருக்கிறது என்று கேளுங்கள். பக்கம் தீர்ந்திருந்தால் திட்டாதீர்கள் ஐயா, ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். தேர்வு முடிகிற வரை வேதியியலுக்கும் அதே அளவு நேரம் என்று இருவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

எம்ஐடி வகுப்புக்குச் சான்றிதழ் கிடையாது, அது திறந்து வைத்த பாடம், அவ்வளவுதான். என்பிடெலில் சேர்வதும் படிப்பதும் இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். சென்னை ஐஐடி 2020-ல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டமும் இருக்கிறது, ஆனால் அது கட்டணம் உள்ளது. பிளஸ் டூ முடிந்தபின் அதைப் பற்றித் தனியாக எழுதுங்கள்.

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. ஐகன் மதிப்பு என்றால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள், யூடியூபில் பார்த்தாளாம். சூத்திரத்தைச் சொன்னேன், ஆனால் அவள் முகத்தில் தெளிவு வரவில்லை. எப்படிச் சொல்லியிருக்கலாம்? — ஆசிரியை, திருத்துறைப்பூண்டி

பதில்: டீச்சர், அந்தப் பிள்ளை வீட்டில் நேரடி விதைப்பா, நாற்று விட்டு நடவா என்று முதலில் கேளுங்கள். அங்கிருந்து தொடங்கலாம்.

ஒரு ஊரில் 300 விவசாயக் குடும்பம், இந்த வருடம் எல்லோரும் நடவு. நான் சொல்லப்போவது கற்பனைக் கணக்கு: ஒவ்வொரு வருடமும் நடவு செய்கிறவர்களில் ஐந்தில் ஒருவர் ஆள் கிடைக்கவில்லை என்று நேரடி விதைப்புக்குப் போகிறார், நேரடி விதைப்பில் இருப்பவர்களில் பத்தில் ஒருவர் களை தாங்காமல் நடவுக்குத் திரும்புகிறார். பிள்ளையையே போடச் சொல்லுங்கள். அடுத்த வருடம் நடவில் 240, விதைப்பில் 60. அதற்கடுத்த வருடம் 198, 102. பிறகு 168.6, 131.4 (0.6 குடும்பம் ஏது என்று கேட்பாள், சராசரி என்று சொல்லிவிடுங்கள்). இப்படியே பத்துப் பதினைந்து வருடம் போடச் சொன்னால் நடவு 100, விதைப்பு 200 என்று போய் நிற்பதை அவளே கண்டுபிடிப்பாள். 100, 200 என்ற இடத்தில் போவோரும் வருவோரும் சமம், இருபது பேர் போக இருபது பேர் வருகிறார்கள். இந்தப் போக்குவரத்தை ஓர் அணியாக எழுதிப் பெருக்கினால் அந்த (100, 200) மாறாமல் அப்படியே திரும்பி வருகிறது. ஒரு வெக்டரின் திசையை மாற்றாமல் அணி அதை எத்தனை மடங்காக்குகிறதோ அதுதான் ஐகன் மதிப்பு, இங்கே அது 1.

அப்புறம்தான் அழகே இருக்கிறது. நடவில் 100-க்கு மேல் எவ்வளவு கூடுதலாக இருந்தது என்று மட்டும் ஒவ்வொரு வருடமும் எழுதச் சொல்லுங்கள்: 200, 140, 98, 68.6. ஒவ்வொன்றையும் முந்தையதால் வகுக்கச் சொல்லுங்கள். 0.7, 0.7, 0.7! இரண்டாவது ஐகன் மதிப்பு அது. ஊர் நிலைக்கு வருவதற்கு எவ்வளவு வேகம் என்பதை அந்த 0.7 சொல்கிறது. அணியில் உள்ள நாலு எண்களை (0.8, 0.1 மேல் நிரையில், 0.2, 0.9 கீழே) எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் 0.7 என்று எங்கும் எழுதியிருக்காது, ஆனால் உள்ளே இருக்கிறது. இதற்குப் பிறகு சூத்திரத்தைச் சொன்னால், அந்தப் பிள்ளை அதை 0.7-ஐச் சீக்கிரம் கண்டுபிடிக்கிற வழியாகப் பார்ப்பாள். ஸ்ட்ராங்கின் 21, 22, 24 வகுப்புகளை நீங்கள் பார்த்துவிட்டு நடத்தினால் ஒரு பீரியட் போதாது, இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர் அறுபது ஆண்டுக்கு மேல் நடத்திவிட்டு 2023 மே மாதம், 88 வயதில், எம்ஐடியில் கடைசி வகுப்பை எடுத்தார். அதுவும் இணையத்தில் இருக்கிறது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டுவதைப் பார்த்து, ஒரு ஆசிரியனாக எனக்குக் கண் கலங்கியது.

கேள்வி: அப்பா லஸ்கராக, அதாவது ஆற்று ஷட்டர்களை இயக்கும் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். ஷட்டர், கன அடி என்று ஆற்றுக் கணக்கையே பேசிக்கொண்டிருப்பார். நான் ஆன்லைனில் மேட்ரிக்ஸ் படிப்பதைப் பார்த்து, "இதுக்கும் தண்ணிக்கும் சம்பந்தம் உண்டா?" என்று கேட்கிறார். உண்டா? — நீடாமங்கலத்திலிருந்து ஒரு வாசகர்

பதில்: உங்கள் ஊரை விடவா? ஆறு பிரிகிற இடமான மூணாறு தலைப்பு உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வெண்ணாற்றில் வருகிற தண்ணீர் அங்கே கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. வந்தது மூன்றின் கூட்டுத்தொகைக்குச் சமம், இது ஒரு சமன்பாடு, தெரியாதவை மூன்று. ஆக இரண்டு கட்டற்ற மாறிகள். ஸ்ட்ராங் ஏழாவது வகுப்பில் 'ஃப்ரீ வேரியபிள், உங்கள் இஷ்டத்துக்கு எந்த மதிப்பும் தரலாம்' என்று சொல்லும்போது மாணவர்கள் விழிப்பார்கள். உங்கள் அப்பா விழிக்க மாட்டார், ஏனென்றால் இரண்டு ஷட்டரை எந்த அளவுக்குத் தூக்குவது என்று முடிவு செய்துவிட்டால் மூன்றாவது ஆறு தானாக முடிவாகிவிடும் என்பது அவர் கையாலேயே செய்த வேலை. கல்லணையிலிருந்து கடைமடை வரை ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு நிரை, ஒவ்வொரு ஆற்றுத் துண்டுக்கும் ஒரு நிரல், தண்ணீர் வந்தால் +1, போனால் −1, தொடர்பில்லை என்றால் 0 என்று எழுதிக்கொண்டே போனால் டெல்டா முழுவதும் ஒரு பெரிய அணியாகிவிடும். 12-வது வகுப்பு இதுவே, அங்கே மின்சுற்றை வைத்துச் சொல்வார், நீங்கள் ஆற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் இந்தக் கணக்கைக் கொடுங்கள். ஒருநாள் தலைப்புக்கு மேலே அளந்தால் 3,000 கன அடி. கீழே மூன்று ஆற்றிலும் தனித்தனியாக அளந்தால் 1,400, 900, 660. கூட்டினால் 2,960 தான் வருகிறது, 40 குறைகிறது. எந்த அளவுகோலும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, நாலுமே கொஞ்சம் கொஞ்சம் பிசகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தெரியாதவை மூன்று, அளவுகள் நாலு, நாலையும் ஒருசேர நிறைவேற்றும் விடை இல்லை. எந்த மூன்று எண்ணை எழுதுவது? மனதில் வருவதைச் சொல்லச் சொல்லுங்கள், பிறகு 15, 16 வகுப்புகளைப் பார்த்துவிட்டு மீச்சிறு வர்க்க முறையில் (பிசகுகளின் வர்க்கங்களைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை முடிந்தவரை சிறிதாக்குவது) நீங்கள் போடுங்கள். 1,410, 910, 670 வரும். கூட்டினால் 2,990. மேலே இருந்த அளவும் பத்து விட்டுக்கொடுத்திருக்கிறது, கீழே மூன்றும் ஆளுக்குப் பத்து ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அப்பா என்ன எண் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.